ஆறு நரம்பு, பதின்மூன்று கிராம்: கிளாசிக்கல் கிதாரின் ஒலிக் கணக்கு

கிளாசிக்கல் கிதாருக்கு வாங்கும் ஒரு செட்டில் ஆறு நரம்புகள். ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒரு மீட்டர் நீளம். ஆறையும் சேர்த்து நிறுத்தால் 13 கிராம் வரும். அதிலும் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் அதிர்வது 650 மில்லிமீட்டர்தான். ஆகவே நாம் கேட்கும் நாதம் முழுவதும் எட்டரை கிராமிலிருந்து பிறக்கிறது. ஒரு செட் ₹1,000 என்று வைத்துக்கொண்டால் இந்தப் பொருளின் விலை கிலோவுக்கு ₹77,000 ஆகிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற பொருளில் காசு எந்த நரம்புக்குப் போகிறது, எதில் போட்ட காசு காதுக்குத் திரும்பி வருகிறது என்று ஒவ்வொரு கிதார்க்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நைலானா, கார்பனா, நார்மலா, ஹார்டா என்ற விவாதம் பெரும்பாலும் "இனிமை", "கூர்மை", "வெதுவெதுப்பு" போன்ற சொற்களோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சொற்களுக்கு அடியில் அளக்கக்கூடிய எண்கள் இருக்கின்றன: அடர்த்தி, விட்டம், இழுவிசை, நீர் உறிஞ்சும் அளவு, உழைக்கும் மணி நேரம். அவற்றை வரிசைப்படுத்தினால் பணம் போக வேண்டிய இடம் இரண்டுதான் என்று தெரிகிறது. ஒன்று மூன்றாம் நரம்பு. மற்றொன்று பழசாகாத பாஸ் நரம்புகள்.

இந்தக் கட்டுரையில் வரும் ரூபாய்த் தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அவற்றின் இடத்தில் உங்கள் கடை பில்லில் உள்ள தொகையை வைத்துக்கொள்ளுங்கள். நீளம், அடர்த்தி, அதிர்வெண் ஆகியவை எந்தக் கடையிலும் மாறாதவை.

எடையும் இழுவிசையும்

கணக்குக்கு டடாரியோ நிறுவனத்தின் புரோ-ஆர்ட்டே இஜே45 என்ற நார்மல் டென்ஷன் செட்டை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் மாணவர்களும் கச்சேரிக் கலைஞர்களும் பயன்படுத்தும் செட் இது. இதன் விட்டங்கள் அங்குலத்தில் முதல் நரம்பிலிருந்து வரிசையாக 0.028, 0.0322, 0.0403, 0.029, 0.035, 0.043. முதல் மூன்றும் ஒற்றை இழை நைலானால் ஆன டிரெபிள். அடுத்த மூன்றும் மெல்லிய நைலான் இழைக் கற்றையின் மேல் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றிய பாஸ்.

முதல் நரம்பின் இழுவிசை சுமார் 7 கிலோ. இரண்டாவதும் மூன்றாவதும் ஐந்தே காலிலிருந்து ஐந்தரை கிலோ. பாஸ் நரம்புகள் ஒவ்வொன்றும் 7 கிலோ அளவில். மொத்தம் 39 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. லைட் கேஜ் ஸ்டீல் நரம்புகள் பூட்டிய ஃபோக் கிதாரில் இது 70 கிலோவைத் தாண்டும். நைலானுக்காகச் செய்த கிதாரில் ஸ்டீல் நரம்பு போடக்கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். ஏறக்குறைய இரு மடங்குச் சுமை பிரிட்ஜைப் பெயர்த்துவிடும்.

எடையைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு முதல் நரம்பு 0.42 கிராம், இரண்டாவது 0.56, மூன்றாவது 0.87. டிரெபிள் மூன்றும் சேர்ந்து இரண்டு கிராமைத் தொடவில்லை. பாஸ் மூன்றும் சுமார் 11 கிராம். செட்டின் எடையில் 86 சதவீதம் பாஸில் இருக்கிறது.

கம்பி சுற்றுவது ஏன் என்பதற்கும் இங்கேயே விடை உண்டு. ஆறாம் நரம்பு 82.4 ஹெர்ட்ஸில் 7 கிலோ இழுவிசையோடு அதிர வேண்டுமென்றால் மீட்டருக்கு 6 கிராம் எடை தேவை. வெறும் நைலானில் அந்த எடை வர வேண்டுமானால் விட்டம் 2.7 மில்லிமீட்டர் ஆகிவிடும். அவ்வளவு தடித்த இழை வளையவே மறுக்கும். அதிலிருந்து நாதம் வராது. நைலானைவிட எட்டு மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்ட செம்பைச் சுற்றுவதால் அதே எடை 1.09 மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது.

நார்மலுக்கும் ஹார்டுக்கும் எவ்வளவு தூரம்?

அதே நிறுவனத்தின் ஹார்டு டென்ஷன் செட்டில் முதல் நரம்பின் விட்டம் 0.0285 அங்குலம். நார்மலோடு வித்தியாசம் 0.0005 அங்குலம், அதாவது 0.013 மில்லிமீட்டர். இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 3.6 சதவீதம் கூடுகிறது. ஏழு கிலோவில் இது 250 கிராம். வலது கை விரலுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஒலியின் குணத்தை மாற்ற இது போதாது. நாதம் மந்தமாக இருக்கிறது என்று வருந்தி ஹார்டு செட்டுக்குத் தாவுபவருக்குக் கூடுதல் இழுவிசை கிடைக்கும். மந்தம் அப்படியே இருக்கும். மந்தத்துக்குக் காரணம் வேறு.

அடர்த்தி: கணக்கின் மையம்

நீளம், சுருதி, இழுவிசை மூன்றையும் மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றினால் நரம்பின் எடை மாறாது, விட்டம்தான் மாறும். அடர்த்தி கூடக் கூட நரம்பு மெலியும். இசைக்கருவி நரம்புகளில் பயன்படும் 612 வகை நைலானின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.06 கிராம். ஆட்டுக் குடல் நரம்பு 1.3. இத்தாலியின் விசென்சா நகரிலுள்ள அக்விலா நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த நைல்கட், குடல் நரம்பின் அடர்த்தியையே இலக்காக வைத்துச் செய்யப்பட்டது, அதுவும் 1.3. கிதார்க்காரர்கள் "கார்பன்" என்று சொல்லும் நரம்பு உண்மையில் ஃப்ளூரோகார்பன், அதாவது பாலிவினைலிடீன் ஃப்ளூரைடு. அதன் அடர்த்தி 1.78.

இஜே45 நைலானுக்குச் சமமான இழுவிசை தரும் விட்டங்கள், மில்லிமீட்டரில்:

நைலான்: முதல் நரம்பு 0.71, இரண்டாவது 0.82, மூன்றாவது 1.02
குடல், நைல்கட்: 0.64, 0.74, 0.92
கார்பன்: 0.55, 0.63, 0.79

நைலானிலிருந்து கார்பனுக்குப் போனால் விட்டம் 23 சதவீதம் குறைகிறது. சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நரம்பு வளைய மறுக்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறி இறங்குகிறது. பொருள் எவ்வளவு நீள மறுக்கிறது என்பதைக் காட்டும் யங் குணகம் மூன்றுக்கும் ஒன்றேதான் என்று கொண்டால் நைலானின் விறைப்பு 100, குடலுக்கு 66, கார்பனுக்கு 35.

இந்த எண்களில் ஒரு வரலாறும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வரை கிளாசிக்கல் கிதாரின் டிரெபிள் நரம்புகள் குடலால் ஆனவை. போர்க்காலத்தில் குடல் இழை அறுவை சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் கிதாருக்குப் பஞ்சம் வந்தது. டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் உருவாக்கிய நைலானைக் கொண்டு நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நரம்பு செய்யத் தொடங்கினார். கிதார்க் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதற்கு ஊக்கம் தந்து, தன் மேடைகளில் அதையே ஏற்றுக்கொண்டார். 1940-களின் முடிவில் அகஸ்டின் நரம்புகள் விற்பனைக்கு வந்தன. அறுபடாத, சுருதி நிற்கிற, வழவழப்பான நரம்பு கிடைத்தது பெரிய வரம். ஆனால் அடர்த்தி குறைந்ததால் மூன்றாம் நரம்பு 0.92 மில்லிமீட்டரிலிருந்து 1.02-க்குத் தடித்தது. நான்காம் அடுக்கில் பார்த்தால் விறைப்பு ஒன்றரை மடங்கு. நைலான் கிதாரின் மூன்றாம் நரம்பைப் பற்றி இன்றுவரை கேட்கும் குறைக்கு இந்த எண்தான் வேர்.

மூன்றாம் நரம்பின் வழக்கு

விறைப்பு ஒலியில் என்ன செய்கிறது? முழுக்க வளைந்துகொடுக்கும் நரம்பில் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கில் துல்லியமாக விழும். விறைப்பு கூடினால் மேலே போகப் போக அவை சற்று ஏறி விழும். ஒரு செமிடோனை நூறாகப் பிரித்த சென்ட் என்ற அலகில், நைலானின் யங் குணகத்தை 5 ஜிகா பாஸ்கல் என்று எடுத்துக்கொண்டு, பத்தாவது மேற்சுரம் எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டேன்.

முதல் நரம்பு, நைலான், திறந்த நிலை: 1.9 சென்ட்
மூன்றாம் நரம்பு, நைலான், திறந்த நிலை: 10 சென்ட்
மூன்றாம் நரம்பு, நைலான், 9-ஆவது ஃப்ரெட்: 28 சென்ட்
மூன்றாம் நரம்பு, கார்பன், திறந்த நிலை: 3.6 சென்ட்
மூன்றாம் நரம்பு, கார்பன், 9-ஆவது ஃப்ரெட்: 10 சென்ட்

ஒரே செட், ஒரே பொருள். ஆனாலும் மூன்றாம் நரம்பின் விலகல் முதல் நரம்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். ஃப்ரெட்டில் மேலேறினால் அதிரும் நீளம் குறைந்து விலகல் இன்னும் பெருகுகிறது. மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தோடு ஒட்டாமல் போகும்போது சுருதி மங்குகிறது. நாதத்தின் விளிம்பு கலங்குகிறது. இதோடு நைலானின் உள் உராய்வும் சேர்கிறது. ஒவ்வொரு வளைவிலும் பொருளுக்குள் ஆற்றல் வெப்பமாகக் கரைவதால் உயர்ந்த மேற்சுரங்கள் முதலில் மடிகின்றன. தடித்த நரம்பில் இந்த இழப்பு அதிகம். கூடவே, ஒரே எடை பெரிய விட்டத்தில் பரவியிருப்பதால் காற்றின் தடையும் கூடுகிறது. கார்வை குறுகுகிறது.

ஆக, 9-ஆவது ஃப்ரெட்டில் வாசிக்கும் கார்பன் மூன்றாம் நரம்பு, திறந்து மீட்டிய நைலான் மூன்றாம் நரம்பின் தெளிவில் இருக்கிறது. இந்தப் பட்டியலிலேயே பெரிய லாபம் இதுதான். அந்த நரம்பின் நடுப்பகுதியில் மெட்டு நகரும் இசையை வாசிப்பவருக்கு இது ஒவ்வொரு நாளும் கேட்கும் வித்தியாசம்.

முதல் நரம்பில் கணக்கு வேறு விதமாகப் போகிறது. நைலானிலேயே விலகல் 2 சென்ட்டுக்குள் நிற்கிறது. கார்பன் அதை முக்கால் சென்ட்டுக்குள் கொண்டுவரும். காதுக்கு அது பெரிய பரிசு அல்ல. பதிலுக்கு விட்டம் 0.55 மில்லிமீட்டராக மெலிகிறது. உயர்ந்த மேற்சுரங்கள் நீடிக்கின்றன. ஏற்கெனவே பளிச்சென்று ஒலிக்கும் கிதாரில் அது கீச்சாக மாறக்கூடும். முதல் நரம்பின் உருண்டையான குரலை விரும்புகிறவர்கள் அங்கே நைலானை விட்டு விலக வேண்டிய காரணம் குறைவு. பிரெஞ்சு நிறுவனமான சவாரஸ் விற்கும் கிரியேஷன் செட் இந்த வழியில்தான் அமைந்திருக்கிறது: முதல் இரண்டும் நைலான், மூன்றாவது மட்டும் அலையன்ஸ் என்ற கார்பன் நரம்பு.

நீர்க் கணக்கு

நைலான் ஈரத்தைக் குடிக்கும். நீரில் ஊறி நிறைந்த நிலையில் 66 வகை நைலான் தன் எடையில் 8.5 சதவீதம் வரை நீரை ஏற்கும், 612 வகை சுமார் 3 சதவீதம், ஃப்ளூரோகார்பன் 0.05 சதவீதத்துக்குள். இழுவிசை மாறாமல் எடை ஒரு சதவீதம் கூடினாலே சுருதி 8.6 சென்ட் இறங்கும். காற்றின் ஈரத்தில் நரம்பு முழுதாக ஊறிவிடாது. ஆனாலும் சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஏசி அறைக்கும் வெளி வராந்தாவுக்கும் இடையே கிதாரைத் தூக்கிக்கொண்டு நடப்பவர், நைலான் செட்டில் அடிக்கடி முடுக்காணியைத் திருப்ப வேண்டிவருவதற்கு இது ஒரு காரணம். மரமும் சேர்ந்தே ஈரத்துக்கு அசைவதால் கார்பன் போட்டாலும் சுருதி கல்லாக நிற்காது. நரம்பின் பங்கு மட்டும் குறையும்.

மீன்பிடி நரம்பும் கிதார் நரம்பும்

ஃப்ளூரோகார்பன் இழையை மீன்பிடிக்க முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் குரேஹா நிறுவனம், ஆண்டு 1971. பொருள் ஒன்றுதான் என்பதால் சில கிதார்க்காரர்கள் தூண்டில் நரம்பையே வாங்கிப் பூட்டுகிறார்கள். ஜப்பானிய எண் முறையில் 1-ஆம் எண் 0.165 மில்லிமீட்டர்; எண்ணின் வர்க்கமூலத்தோடு விட்டம் ஏறும். நமக்குத் தேவையான 0.79 மில்லிமீட்டர் 22-ஆம் எண்ணுக்கும் 24-ஆம் எண்ணுக்கும் நடுவே விழுகிறது.

25 மீட்டர் சுருளில் 25 நரம்பு வெட்டலாம். சுருள் ₹1,500 என்றால் ஒரு நரம்பு ₹60. கடையில் தனியாக வாங்கும் கார்பன் மூன்றாம் நரம்பு ₹250 என்றால் நான்கில் ஒரு பங்கு விலை. இந்த மலிவுக்கு ஈடாக நாம் விட்டுக்கொடுப்பது தரம் பிரிப்பை. மீன் பிடிக்க விட்டம் சீராக இருக்க வேண்டிய கட்டாயம் குறைவு. இசைக்கு அது உயிர். விட்டத்தில் ஒரு சதவீதம், அதாவது 0.008 மில்லிமீட்டர் மாறினால் அதே இழுவிசையில் சுருதி 17 சென்ட் நகரும். நரம்பின் ஒரு பாதி மறுபாதியைவிடத் தடித்திருந்தால் திறந்த சுரம் சரியாக இருந்தும் ஃப்ரெட்டில் பிசகும். நரம்பு நிறுவனங்கள் லேசர் கொண்டு இழையை அளந்து ஒதுக்குவது இதற்காகத்தான். கிலோ ₹77,000 என்று கணக்கிட்டோமே, அந்தத் தொகையில் பெரும்பங்கு பிளாஸ்டிக்குக்கும் செம்புக்கும் போவதில்லை. இந்த அளந்து ஒதுக்கும் வேலைக்குப் போகிறது. வெட்டிய மூன்றில் ஒன்றுதான் சுருதி சேர்கிறது என்றால் ₹60 நரம்பு ₹180 ஆகிவிடும். சேமிப்பு ₹70-க்குச் சுருங்கும்.

எந்த நரம்பையும் சோதிக்க வழி எளிது. 12-ஆவது ஃப்ரெட்டின் மேல், 325 மில்லிமீட்டரில், விரலால் மெல்லத் தொட்டு மேற்சுரத்தை எழுப்பி டியூனரில் பாருங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். புது நரம்பு இழுபட்டு நிலைத்த பிறகும் இரண்டும் 5 சென்ட்டுக்கு மேல் விலகினால், அதே கிதாரில் மற்ற நரம்புகள் சரியாக இருந்தால், அந்த நரம்பை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பாஸ்: பணம் கரையும் இடம்

டிரெபிள் மெதுவாகப் பழசாகும். பாஸ் வேகமாகப் பழசாகும். சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் தோல் துகளும் சேர்கின்றன, முலாம் கறுக்கிறது, ஃப்ரெட் படும் இடத்தில் கம்பி பள்ளமாகிறது. அதிர்வை விழுங்கும் இழப்பு கூடி, உயர்ந்த மேற்சுரங்கள் மறைகின்றன. மெல்லிய கம்பி சுற்றிய நான்காம் நரம்புதான் பெரும்பாலும் முதலில் சுற்று அறுந்து போகும்.

இப்போது ஆண்டுக் கணக்கு. தினம் ஒரு மணி நேர சாதகம், ஆண்டுக்கு 365 மணி. பாஸ் 60 மணி நேரமும் டிரெபிள் 180 மணி நேரமும் தாங்கும் என்று கொள்வோம். பாஸ் ஆறு முறை, டிரெபிள் இரு முறை மாறும். விலைகள்: முழு நைலான் செட் ₹1,000, பாஸ் மூன்று மட்டும் ₹650, நைலான் டிரெபிள் மூன்று மட்டும் ₹400, கார்பன் டிரெபிள் மூன்று ₹700, நைலான் தனி நரம்பு ₹130, கார்பன் தனி நரம்பு ₹250.

ஒவ்வொரு முறையும் முழுச் செட்: 6 × 1,000 = ₹6,000
பாஸ் ஆறு முறை, நைலான் டிரெபிள் இரு முறை: 3,900 + 800 = ₹4,700
பாஸ் ஆறு முறை, கார்பன் டிரெபிள் இரு முறை: 3,900 + 1,400 = ₹5,300
பாஸ் ஆறு முறை; நைலான் முதலும் இரண்டும், கார்பன் மூன்றாவதும் இரு முறை: 3,900 + 1,020 = ₹4,920

பழக்கத்தில் முழுச் செட்டையும் கழற்றி வீசுகிறவரின் ₹6,000-ஐவிட, விலை அதிகமான கார்பன் டிரெபிளைத் தேர்ந்தவரின் ஆண்டுச் செலவு ₹700 குறைவு. கலப்புச் செட்டுக்காரருக்கு ₹1,080 மிச்சம்; அவருடைய செலவு சாதக மணிக்கு ₹13.50. கார்பனின் விலையைவிட, உழைத்து முடியாத டிரெபிளைத் தூக்கி எறிவதுதான் பெரிய செலவு.

ஒப்பிட்டுக் கேட்பதற்கான செலவு

மூன்று முழுச் செட்டுகளை வாங்கி ஒப்பிடத் தேவையில்லை. மூன்றாம் நரம்பை மட்டும் நைலான், நைல்கட், கார்பன் என்று தனித்தனியாக வாங்குங்கள். ₹130, ₹200, ₹250 என்றால் ₹580. மற்ற ஐந்தும் கிதாரில் அப்படியே இருக்கட்டும். அப்போதுதான் கேட்கும் வித்தியாசம் அந்த ஒரு நரம்புக்கு உரியது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

புது நைலான் சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சுருதி நிலைத்த பிறகே ஒலிப்பதிவு செய்யுங்கள். மீட்டும் இடம் மாறக்கூடாது. பிரிட்ஜிலிருந்து 130 மில்லிமீட்டரில், அதாவது நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கில் மீட்டினால் ஐந்தாவதும் பத்தாவதும் மேற்சுரங்கள் எழாது. விரல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலே ஒலியின் நிறம் மாறிவிடும். அந்த மாற்றம் நரம்பின் பேரில் எழுதப்படும். பதிவுகளின் ஒலி அளவையும் சமமாக்குங்கள். ஒரு டெசிபெல் உரத்தது நல்லதாகவே கேட்கும். எந்தப் பதிவு எந்த நரம்பு என்று தெரியாமல் வேறொருவர் வரிசை மாற்றிப் போடட்டும். திறந்த சுரம் அடங்க எத்தனை நொடி, 9-ஆவது ஃப்ரெட்டில் சுரம் தெளிவா, கார்டில் நரம்புகள் சேர்ந்து ஒலிக்கும்போது மூன்றாம் நரம்பு மற்றவற்றோடு ஒட்டுகிறதா என்று மூன்று கேள்விகளுக்கு மட்டும் மதிப்பெண் எழுதுங்கள்.

பூட்டும்போது ஒரு கவனம் வேண்டும். 1.02 மில்லிமீட்டர் நைலானுக்காக வெட்டிய நட்டுப் பள்ளத்தில் 0.79 மில்லிமீட்டர் கார்பனுக்குப் பக்கவாட்டில் 0.23 மில்லிமீட்டர் இடம் மிஞ்சும். அதிர்ந்து உராய்ந்தால் நட்டைப் பார்க்கக் கிதார் செய்பவரிடம் கொடுங்கள். கார்பன் வழுவழுப்பானது, பிரிட்ஜில் ஒரு சுற்றுக் கூடுதலாக முடியுங்கள். 5 கிலோ இழுவிசையில் முடிச்சு நழுவினால் நரம்பு மேல்பலகையில் தழும்பை விட்டுப் போகும்.

என் முடிவு இதுதான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ₹1,000 கையில் இருந்தால் முதலில் ₹650-ஐப் புதிய பாஸுக்குக் கொடுங்கள். அடுத்த ₹250-ஐக் கார்பன் மூன்றாம் நரம்புக்குக் கொடுங்கள். முதலும் இரண்டும் 12-ஆவது ஃப்ரெட் சோதனையில் தேறினால் அவற்றைக் கழற்றாதீர்கள். மீதி ₹100 கையிலேயே இருக்கட்டும். ஹார்டு டென்ஷனுக்கோ, விலை உயர்ந்த முதல் நரம்புக்கோ போகும் காசு, கிடைக்கும் ஒலியை வைத்துப் பார்த்தால், வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியது.